இருபது கிலோ பை

கொக்கித் தராசில் பையை மாட்டிவிட்டு ஷீனா கையை எடுத்தாள். எண்கள் கொஞ்ச நேரம் குதித்தன. பிறகு இருபதில் வந்து நின்றன.

“போதுமாக்கா?” என்றான் ஜோ. வாசலில் நின்ற இடத்திலேயே அவனும் குதித்துக்கொண்டிருந்தான். மணி ஐந்து. மடவார்விளாகம் பக்கம் பால்காரர் வண்டி மட்டும் போனது.

“நில்லுலே. குதிச்சுக் குதிச்சே பாதித் தெம்பைத் தீத்துருவ போல.”

“நிக்க முடியலக்கா. காலு கேக்க மாட்டேங்கு.”

அம்மா பியூலா கொல்லைப்பக்கம் நின்று மேற்கே மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெபம் பண்ணுகிறாள் என்று நினைத்து ஷீனா கூப்பிடவில்லை.

ஜோ ராணுவத்தில் சேர்ந்து ஐந்து வருடம். ஸ்டோர் கீப்பர் வேலை. அம்மாவுக்கு அந்த வேலையை ரொம்பப் பிடித்திருந்தது. “எம்மவன் கையில ரெஜிஸ்டருதான் இருக்கு, துப்பாக்கி இல்ல” என்று சர்ச்சில் கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வாள். அப்பா தேவஇரக்கம் லாரி விபத்தில் போனபிறகு அவளுக்கு இருந்த ஒரே நிம்மதி அந்த ரெஜிஸ்டர்தான். இந்த லீவில் வந்த இரண்டாம் நாள், சோற்றில் கையை வைத்துக்கொண்டே ஜோ சொன்னான்: பாரா ஸ்பெஷல் ஃபோர்சுக்குப் பேர் கொடுத்திருக்கிறான். பதினைந்து நாளில் போய் நிற்க வேண்டும். அங்கே மாசக்கணக்கில் போட்டு வாட்டுவார்கள். நூறு பேர் போனால் அஞ்சு பேரோ பத்துப் பேரோதான் மிஞ்சுவார்கள். மிஞ்சினவனுக்கு மெரூன் கலர் தொப்பி.

“மிஞ்சாதவனுக்கு?” என்றாள் அம்மா.

“பழைய யூனிட்டுக்கே திரும்பிரணும்மா.”

“அப்ப இப்பவே திரும்பிரு.”

இரண்டு நாள் வீட்டில் அடுப்பு எரிந்ததே தவிர யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அவன் சும்மா இருக்கவில்லை. ஒரு முறை பயிற்சியில் அவர்கள் விமானத்திலிருந்து குதிப்பதைப் பார்த்திருக்கிறான். “கதவைத் திறந்து மாடிப்படி இறங்குத மாதிரி இறங்குதானுவக்கா. கீழ படியே கிடையாது!” என்று கட்டில் மேல் ஏறி நின்று குதித்தே காட்டினான். கட்டில் சட்டம் ஒன்று முறிந்தது.

மூன்றாம் நாள் அம்மாவே ஒரு வழி சொன்னாள். “இருவது கிலோவத் தூக்கிட்டு இருவது கிலோமீட்டரு, மூணு மணி நேரத்துல ஓடணும்னு சொன்னேல்ல. அதை இங்க ஓடிக் காட்டு. ஓடிட்டா நான் வாயைத் தெறக்கல. முடியலைன்னா பேரை வாபஸ் வாங்கிட்டு ஸ்டோருக்கே போயிரணும்.”

“சத்தியமா?”

“சத்தியமெல்லாம் பண்ணக் கூடாது. சொன்னா சொன்னதுதான்.”

நேரம் பார்க்கவும் எடை பார்க்கவும் ஷீனா. அதில் இரண்டு பேருக்கும் தகராறு இல்லை. அவள் சத்திரப்பட்டிப் பக்கம் காயத்துக்குக் கட்டுகிற காஸ்துணிக் கம்பெனியில் குவாலிட்டி செக்கர். ஆஸ்பத்திரிக்குப் போகிற கட்டுத்துணி லாட் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை எடுத்துத் தண்ணீரில் போடுவாள். பத்து விநாடிக்குள் மூழ்கினால் பாஸ். மிதந்தால் முதலாளியே வந்து கெஞ்சினாலும் கையெழுத்துப் போட மாட்டாள். அம்மாவும் அதே கம்பெனியில் இருபது வருடமாகத் துணி மடிப்பவள்.

பையைக் கட்டியது அம்மாதான். “மணல வச்சா முதுகுத் தோலு உரிஞ்சு போவும்” என்று சொல்லி, ஓரம் கோணலாக வெட்டுப்பட்டதால் கம்பெனியில் ஒதுக்கிய காஸ் சுருள்களைக் கொண்டுவந்து திணித்தாள். பத்து கிலோ காஸ், நடுவில் இரண்டு ஐந்து கிலோ எடைக்கல். திணித்துத் திணித்து முழங்காலால் அமுக்கி வாரை இழுத்துப் பூட்டினாள். அவ்வளவு அக்கறையாக அவள் அந்தப் பையைக் கட்டியது ஜோவுக்கே சந்தோஷமாக இருந்தது.

ஷீனாவும் அம்மா கட்சிதான். தம்பி தோற்க வேண்டும் என்றுதான் அவளும் நினைத்தாள். ஆனால் நேர்மையாகத் தோற்க வேண்டும்.

சரியாக ஐந்தரைக்கு அவன் கிளம்பினான். ஷீனா ஸ்கூட்டியில் பின்னாலேயே போனாள். முந்தின நாளே மீட்டர் வைத்து அளந்த வழி. மடவார்விளாகத்திலிருந்து நேரே ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பத்து கிலோமீட்டர். அங்கே வலப்பக்கம் திரும்பி, முடங்கியார் ரோட்டைப் பிடித்து, அய்யனார் கோவில் போகிற வழியில் செக்போஸ்ட் வரை இன்னொரு பத்து.

ஓட்டமும் இல்லாமல் நடையும் இல்லாமல் ஒரு போக்கு. பை முதுகோடு ஒட்டிக்கொண்டு ஆடாமல் வந்தது. மில் பஸ்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு எதிரே வந்தன. ஜன்னலில் இருந்து ஒரு பெண் கத்தினாள்: “பஸ்ஸு இருக்கும்போது ஏம்ணே ஓடுதீய?”

“சில்லறை இல்லக்கா!” என்று ஜோ திருப்பிக் கத்தினான்.

ஐந்து கிலோமீட்டரில் நாற்பது நிமிடம். கணக்குக்கு ஐந்து நிமிடம் முன்னால் இருந்தான். ஷீனா வண்டியை நிறுத்தி நோட்டில் எழுதினாள்.

அந்த நோட்டு இன்னும் அவளிடம் இருக்கிறது. ஜோ இல்லை. அது வேறு கதை. அதைப் பட்டாளத்தில் எழுத வேண்டியவர்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்கள். அந்தக் காலையில் அவன் இருந்தான். ஆறு மணிப் பத்து நிமிட வெளிச்சத்தில் அவன் முதுகு அவளுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்பதாவது கிலோமீட்டரில் மழை பிடித்தது. தூறலாக ஆரம்பித்து, செத்த நேரத்தில் மலையே இறங்கி வந்ததுபோல் ஊற்றியது. ஷீனா ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டாள். ஜோ தலையை நிமிர்த்தி வாயைத் திறந்து மழையைக் குடித்துக்கொண்டே ஓடினான்.

பஞ்சு மார்க்கெட்டில் கௌதம்ராஜ் புல்லட்டோடு காத்திருந்தான். ராஜபாளையத்துத் தெலுங்கு வீட்டுப் பிள்ளை. காலேஜில் ஜோவோடு ஒரே பெஞ்ச். டீக்கடையில் இருந்த பத்துப் பதினைந்து பேரிடமும் சொல்லிவைத்திருந்தான் போலும். ஜோ திருப்பத்தில் வந்ததும் எல்லாரும் கிளாசோடு வெளியே வந்துவிட்டார்கள்.

“பத ரா மாவா, பத! போ மச்சான், போ!” என்று கௌதம்ராஜ் இரண்டு பாஷையிலும் கத்தினான். கையில் ஒரு பெரிய பாலிதீன் ஷீட். “நில்லு, பையைப் போத்தி விடுதேன்.”

“வேண்டாம்லே. அங்க எவனும் கொடை பிடிக்க மாட்டான்.”

“லேய், பத்து செகண்டுதான்லே!”

“போடா!”

ஒரு மணி இருபத்திரண்டு நிமிடம். எட்டு நிமிடம் கையில் இருந்தது. டீக்கடைக்காரர்கள் கை தட்டினார்கள். ஷீனாவுக்கே உடம்பு சிலிர்த்தது. தோற்க வேண்டும் என்று நினைத்தவள் தான்தானா என்று இருந்தது. ஹாரனை இரண்டு முறை அழுத்திவிட்டுப் பின்னாலேயே போனாள். கௌதம்ராஜ் புல்லட்டைக் கிளப்பிக்கொண்டு தானும் வந்தான்.

முடங்கியார் ரோட்டில் தென்னந்தோப்புகள் வந்தபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். பையின் அடியிலிருந்து தண்ணீர் ஒரு கோடாக ஒழுகிக்கொண்டிருந்தது. பை முன்னைவிடக் கீழே இறங்கியிருந்தது. ஜோ வாருக்குள் இரண்டு கட்டை விரல்களையும் கொடுத்து முன்னால் இழுத்துப் பிடித்திருந்தான்.

காஸ்.

தினமும் அவள் செய்கிற வேலை. பத்து விநாடிக்குள் தண்ணீரைக் குடிக்காத துணிக்கு அவள் பாஸ் போடுவதில்லை. அந்த லாட்டும் அவள் பாஸ் போட்டதுதான். ஓரம் மட்டும்தான் கோணல். தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைக் குடிக்கும். அவன் முதுகில் இருப்பது இப்போது இருபது கிலோ இல்லை.

சொல்ல வேண்டும். நிறுத்த வேண்டும்.

ஆனால் சொல்லாவிட்டால்? அவள் பொய் சொல்லப் போவதில்லை. மணிக்கூண்டு மாதிரி நேரத்தை மட்டும் சொன்னால் போதும். அவன் பிந்திவிடுவான். ஸ்டோருக்குத் திரும்புவான். ரெஜிஸ்டரில் கம்பளியை எண்ணிக்கொண்டு உயிரோடு இருப்பான்.

வண்டியைப் பக்கத்தில் கொண்டுபோனாள். “என்னலே, எப்பிடி இருக்கு?”

“செத்த கனக்குது.”

“எம்புட்டு?”

“எம்புட்டுன்னா? கனக்கத்தான செய்யும். நான் என்ன தலகாணியா தூக்கிட்டு வாரேன்!” என்று சிரித்தான். உதடு வெளுத்திருந்தது. பாரத்தைக் குறை சொல்லக் கூடாது என்பது அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமாம். கால்தான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு அவன் காலைத் திட்டிக்கொண்டே ஓடினான்.

பதினைந்து கிலோமீட்டர். இரண்டு மணி பன்னிரண்டு நிமிடம். மிச்சம் மூன்று நிமிடம்தான். ரோடு மலையைப் பார்த்து ஏற ஆரம்பித்தது. ஷீனா நோட்டைப் பார்த்தாள், முதுகைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை.

கடைசி இரண்டு கிலோமீட்டரில் அவன் விழுந்தான். முழங்கால் தோல் போனது. கௌதம்ராஜ் புல்லட்டைப் போட்டுவிட்டு ஓடினான். “தொடாதலே!” என்று ஜோ கத்திய கத்தலில் தோப்பில் இருந்த ஆட்கள் வேலியோரம் வந்துவிட்டார்கள். பை இழுத்த இழுப்பில் இரண்டு முறை உட்கார்ந்து, மூன்றாவது முறை எழுந்தான். எழுந்தவன் ஓடினான். மழையும் அவனும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காமல் போனார்கள். ஷீனா தன்னை அறியாமல் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தாள். “ஓடுலே ஜோ! ஓடு!” தொண்டை கட்டிப்போனது. யார் கட்சி என்பதே மறந்துபோனது.

செக்போஸ்ட் கம்பியை அவன் தொட்டபோது மணி எட்டு முப்பத்தேழு.

கௌதம்ராஜ் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். “மூணு மணி... ஏழு நிமிஷம். அய்யய்யோ.”

ஜோ கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்தான். பிறகு அக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

“தோத்துட்டேங்க்கா. அம்மாட்ட சொல்லிரு. நான் பேரை எடுத்துருதேன்.”

மழையைப் பற்றியோ பையைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. அவ்வளவுதான். அவள் விரும்பியது கைக்கு வந்துவிட்டது. தலையை ஆட்டினால் போதும்.

பிறகு வந்த வருடங்களில் அந்த ஒரு நிமிடத்தை அவள் எத்தனையோ தடவை திருப்பிப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அவள் வாய் அதையேதான் சொல்கிறது.

“பையக் கழட்டுலே. எடை போடணும்.”

ஸ்கூட்டி டிக்கியிலிருந்து தராசை எடுத்தாள். அதே கொக்கித் தராசு. பக்கத்துத் தோப்பில் தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டிருந்த சங்கிலிப்பாண்டி ஒரு மரக்கிளையில் அதை மாட்டிக்கொடுத்தார். பையை மாட்டக் குனிந்தவர் பாதியிலேயே நிமிர்ந்துவிட்டார்.

“ஏம்மா, உள்ள என்ன ஆளு இருக்கா?”

“காஸ்துணிண்ணே.”

“துணியா? நான் முப்பது வருசமா மூடை தூக்குதேன். என்னய ஏமாத்தாத!”

கௌதம்ராஜும் ஒரு கை கொடுத்தான். கிளை கொஞ்சம் வளைந்தது. எண்கள் குதித்தன. முப்பத்துமூன்று கிலோ நானூறு கிராம்.

“வழியில ஒழுகினது போக” என்றாள் ஷீனா.

ஜோ எண்ணையே பார்த்தான். காலைப் பார்த்தான். “அப்ப காலு நல்லாத்தான் இருக்கா?” என்றான். வழியெல்லாம் திட்டிய காலிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் முழங்காலைத் தடவினான். சங்கிலிப்பாண்டி ஓர் இளநீரை வெட்டி அவன் கையில் திணித்தார். “குடி தம்பி. நாளைக்கு லோடுக்கு வாரியா?”

ஷீனா போனை ஸ்பீக்கரில் போட்டாள். முதல் மணியிலேயே அம்மா எடுத்தாள்.

“வந்துட்டானா?”

“வந்துட்டான். ஏழு நிமிஷம் லேட்டு.”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. “ஸ்தோத்திரம்.”

“அம்மா. பை மழையில நனைஞ்சிட்டு. இப்ப எடை போட்டேன். முப்பத்துமூணு கிலோ நானூறு.”

லைன் கட்டாகிவிட்டதோ என்று ஷீனா போனைப் பார்த்தாள்.

“தெரியும்ட்டி” என்றாள் அம்மா மெதுவாக. “ரெண்டு நாளா மலையில மேகம் கட்டிக்கிட்டு இருந்துச்சு. காலையிலயும் பாத்தேன். தெரிஞ்சுதான் காஸ வச்சேன். கர்த்தர் என்னய மன்னிக்கட்டும்.”

கௌதம்ராஜ் வாயைப் பொத்திக்கொண்டான். ஜோ இளநீரை இறக்கி வைத்தான். ஷீனாவுக்குக் கோபப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. தானும் ஐந்து கிலோமீட்டர் வாய் திறக்காமல் வந்தவள்தானே.

“எம்புட்டுன்ன?” என்றாள் அம்மா மறுபடியும். குரல் மாறியிருந்தது.

“முப்பத்துமூணு நானூறு.”

“மூணு மணி ஏழுலயா?”

“ஆமா.”

“மேட்டுலயா?”

“மேட்டுலதான்மா. ஒருக்க விழுந்தும் எந்திச்சு வந்தான்.”

“எம்மவனா?”

பிறகு போனை இறக்கிப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. “ஏட்டி எலினா! இங்க வா! முப்பத்துமூணு கிலோட்டி! அய்யனார் கோவில் மேடு வரைக்கும்! ஏ, நெசமாத்தாம்ட்டி!” இருபது வருடம் துணி மடித்தவளின் குரல் தெருவெல்லாம் போனது. போனை மறுபடி எடுத்தபோது மூச்சு வாங்கினாள்.

“ஏலே ஜோ.”

“சொல்லும்மா.”

“நீ தூக்குனது இருவது இல்லலே. நீ ஜெயிச்சிட்ட. சொன்னா சொன்னதுதான். போயிட்டு வா.”

ஜோ இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்தியதில் மரத்தில் இருந்த காக்கை எல்லாம் கிளம்பின. சங்கிலிப்பாண்டி ஒன்றும் புரியாமல் தானும் கத்தினார். கௌதம்ராஜ் ஜோவைத் தூக்கப் பார்த்து முடியாமல் இரண்டு பேரும் சேற்றில் விழுந்தார்கள்.

ஷீனா நோட்டைத் திறந்தாள். மழைத்துளி விழுந்து மை கலங்கியது. நேரம் எழுதினாள், எடை எழுதினாள். கீழே, கம்பெனியில் போடுகிற மாதிரியே, பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.