லைனிங் நீங்கலாக

டெய்லரம்மா கோர்ட்டு கவுன்டருக்கு முன்னால் போய் நின்றபோது மணி மூன்றே முக்கால். நான்கு மணிக்கு ஷட்டர் இறங்கிவிடும். அதற்குள் மனு பதிவாகிவிட்டால், விசாரணை முடியும்வரை கட்டடச் சொந்தக்காரர் அவளுடைய தையல்கடையைப் பூட்ட முடியாது. பதிவாகாவிட்டால் நாளைக் காலையில் பூட்டு. அதற்காக அவள் ஒன்றும் கதிகலங்கிப் போகவில்லை. கல்யாண சீசனையே ஒற்றை ஆளாகச் சமாளித்தவளுக்கு ஒரு கவுன்டர் எம்மாத்திரம்?

குமாஸ்தா விண்ணப்பத்தைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"கட்டண விலக்கு கேட்டிருக்கீங்க. ஆனா சொத்துங்கற இடத்துல நாலு மெஷின்னு எழுதியிருக்கீங்களே. சொத்து இருந்தா விலக்கு கிடையாதும்மா. கட்டணத்தக் கட்டுங்க."

கட்டணம் என்றால் ஒரு மெஷினை விற்க வேண்டும். அதிலும் பட்டன் ஓட்டை தைக்கும் காஜா மெஷினுக்குத்தான் நல்ல விலை கிடைக்கும். அதை விற்றுவிட்டுக் கடையை மீட்டு என்ன செய்வது, வாசல் கூட்டவா? அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"இருக்கறதத்தானே சார் எழுத முடியும். அதுக்குக் கீழ பொடி எழுத்துல ஒரு வரி இருக்கு, வாசிங்க."

அவர் வேண்டாவெறுப்பாக வாசித்தார். "தொழில் கருவிகள் நீங்கலாக." வாசித்துவிட்டுக் காகிதத்தை அவள் பக்கமே தள்ளினார். "இங்க எல்லாத்தையும் சேர்த்துத்தான் பாக்கறது வழக்கம்."

அங்கேதான் மனுஷன் வசமாக மாட்டிக்கொண்டார். 'நீங்கலாக' என்ற அந்த ஒரு சொல்லோடு பத்து வருஷமாக மல்லுக்கட்டுகிறவள் அவள். கடை வாசல் போர்டில் 'தையல் கூலி, லைனிங் நீங்கலாக' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டும் சண்டைக்கு வராத வாடிக்கையாளர் இல்லை, இந்தக் குமாஸ்தா உட்பட.

"சார், போன மாசம் எங்கிட்ட கோட்டு தைச்சீங்களே, ஞாபகம் இருக்கா? லைனிங்குக்குத் தனியா காசான்னு குதிச்சீங்க. போர்டக் காட்டினேன். நீங்கலாகன்னா சேராதுதான்னு நீங்களே ஒத்துக்கிட்டுக் குடுத்துட்டுப் போனீங்க. கோட்டுல சேராதது கோர்ட்டுல மட்டும் எப்படி சார் சேரும்?"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். குமாஸ்தா அந்த வரியை மறுபடி, இந்தத் தடவை விரல் வைத்துப் படித்தார். அவருடைய நாற்காலி முதுகில் அதே கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு முத்திரையை எடுத்து 'கட்டண விலக்கு' என்று ஓங்கிக் குத்தினார். பதிவு எண்ணும் போட்டார். மணி மூன்று ஐம்பத்தாறு.

ரசீதை மடித்துப் பைக்குள் வைத்த பிறகுதான் அவளுக்கு மூச்சு சீராக வந்தது. நாலு மெஷினும் தப்பித்தன.

"நாளைக்குக் கடை உண்டாம்மா?" குமாஸ்தா குரலை இறக்கிக் கேட்டார். "கோட்டுல ஒரு பட்டன் அறுந்துபோச்சு."

"ஜம்முனு திறந்திருக்கும். கொண்டாங்க, சும்மாவே தைச்சுத் தரேன்," என்றாள் டெய்லரம்மா. "பட்டன் நீங்கலாக."