சோம்பேறிக் கட்டி

என் தங்கையைப் போல ஒரு சோம்பேறியை நான் பார்த்ததில்லை. சாப்பிட்ட தட்டு காய்ந்து வறண்டாலும் எழுந்து கழுவ மாட்டாள். வாய் வலிக்கத் திட்டிவிட்டு நானேதான் கழுவுவேன். சின்ன வயதிலிருந்து எங்கள் வீட்டில் இதுதான் நடக்கிறது.

அவள் மார்பிலிருந்த கட்டியை நேற்று எடுத்துவிட்டார்கள். கட்டி பயாப்சிக்குப் போனது. அவள் சம்மதம் கொடுத்திருந்ததால் அதில் ஒரு சின்னத் துண்டும், பக்கத்து நல்ல சதையில் ஒரு துண்டும் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தன. மார்புக் கட்டிகளில் ஒரு என்சைம் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளப்பதுதான் என் பிழைப்பு. சாதாரணக் கட்டியில் அது மந்தமாகக் கிடக்கும். புற்றுநோய்க் கட்டியில் மாடாய் உழைக்கும். நாங்கள் பார்த்தவரை பெரும்பாலும் அப்படித்தான்.

இதைச் சொன்னபோது தங்கை படுத்தபடியே சிரித்தாள்.

"என் உடம்புல இருக்கறது எங்கேருந்துக்கா உழைக்கும்? நீ வேணா பாரு, குறட்டை விட்டுத் தூங்கிட்டிருக்கும்."

"வாயை மூடிட்டுப் படு. பயாப்சி வராம நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"நீ சொல்லவே வேணாம். உன்னைப் பார்த்தாலே தெரிஞ்சிடும்."

இன்று காலை துண்டுகளைப் பனிக்கட்டியின் மேல் வைத்து அரைத்தேன். மெஷினில் சுழற்றி, மேலே தெளிந்த நீரை நிறமில்லாத மருந்தோடு கலந்து, உடம்புச் சூட்டிலிருக்கும் தண்ணீர்த் தொட்டியில் குழாய்களை வைத்தேன். என்சைம் உழைக்க உழைக்க மஞ்சள் ஏறும். எத்தனையோ பேருடைய குழாய்களை இப்படி வைத்திருக்கிறேன். ஒன்றையும் கெஞ்சியதில்லை. இன்றைக்குக் கெஞ்சினேன். தூங்கு கண்ணு, நீ ஒண்ணும் வெட்டி முறிக்க வேணாம், அப்படியே கிட.

நல்ல சதையின் குழாய் வெளிறிக் கிடந்தது. கட்டியின் குழாய் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சளாகிவிட்டது.

குழாயில்தான் அழுக்கு என்று புதுக்குழாயில் செய்தேன். மருந்துதான் பழசு என்று புதிதாகக் கலக்கிச் செய்தேன். பாவி, ஒவ்வொரு தடவையும் உழைத்தது.

மஞ்சளை அளந்து வந்த எண்களை எங்கள் ஆய்வக டாக்டர் பார்த்தார். "இதை மட்டும் வெச்சு முடிவு பண்ணக் கூடாது. பயாப்சி வரட்டும்," என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். யாரையும் உட்காரச் சொல்கிற ஆள் இல்லை அவர்.

மூஞ்சியைக் கழுவி, கண்ணாடி முன்னால் சிரித்துப் பழகிக்கொண்டு வார்டுக்குப் போனேன்.

"என்னக்கா, தூங்குதா?"

"இன்னும் பார்க்கலடி. மெஷின் ரிப்பேர்."

"நல்ல மெஷின். என்னை மாதிரி," என்றாள். அப்பாடா, நம்பிவிட்டாள் என்று நினைத்தேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில், காலையில் சாப்பிட்ட தட்டு ஸ்பூனோடு ஒட்டிக் காய்ந்து கிடந்தது. எடுத்துப் போய்க் கழுவினேன். துணியால் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தேன். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"நீ திட்டலை," என்றாள்.

நான் துடைத்த தட்டையே மறுபடி துடைத்தேன்.

"அக்கா, ஒரே ஒரு தடவை திட்டேன். எப்பவும் போல."

"எருமை," என்று ஆரம்பித்தேன். என் கண்ணீர் விழுந்து தட்டு மறுபடி நனைந்தது.

அவள் மெதுவாக எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"குடு, நான் துடைக்கிறேன்."