தூங்கக் கூடாத மேஜை

சுளுக்கக்காவின் கை பட்டால் பத்தாவது நிமிடம் தூக்கம் வந்துவிடும். அதனால்தான் அவளுக்கு ஊரில் பெயர். கடைசியில் வினையும் அதனாலேயே வந்தது.

இரண்டு வருடம் முறையாக மசாஜ் படித்து, பரீட்சை எழுதி, உரிமம் வாங்கியவள் அவள். சாவிக்கடைக்கு மேலே, முதல் மாடியில் இரண்டு அறை. முன்னறையில் ஒரு மேஜை, பதிவேடு, மூன்று நாற்காலி. உள்ளறையில் முகம் வைக்க ஓட்டை போட்ட நீள மேஜை, சுருள் காகித விரிப்பு, அடுக்கிவைத்த வெள்ளைத் துண்டுகள். கழுத்து பிடித்துக்கொண்டு தன் தோளையே பார்த்தபடி படியேறி வந்த ஒருவர், ஒரு மணி நேரம் கழித்து நேராகப் பார்த்தபடி இறங்கிப் போனார். அவர்தான் முதலில் சுளுக்கக்கா என்று கூப்பிட்டது. பிறகு அவள் சொந்தப் பெயர் உரிமத்தில் மட்டும்தான் இருந்தது.

முன்னறை மேஜையில் அவளுடைய நாத்தனார். அதற்கு முன் பதினோரு வருடம் பேருந்து நிலையத்தில் மைக்கில் நேரம் அறிவித்தவள். ஒரு தடவை மைக் பழுதாகி நான்கு நாள் கிடந்தது; பயணிகள் யாருக்கும் தெரியவில்லை. அப்படிப்பட்ட குரல்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாளில்தான், ஊரின் இன்னொரு கோடியில் வேறொரு மசாஜ் நிலையத்தில் ஒரு கவுன்சிலர் தூங்கிப்போனார். அன்று மாலை நகராட்சியில் சாக்கடை பற்றி வாக்கெடுப்பு. அவர் கட்சியின் தீர்மானம் ஒரே ஒரு ஓட்டில் தோற்றது. கட்சிக்காரர்கள் சும்மா விடுவார்களா? துருவித் துருவிக் கேட்டார்கள். அவர் தூங்கினேன் என்று சொல்லவில்லை. தூங்க வைத்துவிட்டார்கள் என்றார்.

மூன்று மாதத்தில் மசாஜ் தொழிலுக்குப் புது விதிமுறைகள் வந்தன. மொத்தம் நாற்பத்தொன்று. உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டுமானால் அத்தனைக்கும் கட்டுப்பட வேண்டும். நகம் வெட்டியிருக்க வேண்டும், கதவில் கண்ணாடி இருக்க வேண்டும், ஒருவருக்குப் போட்ட துண்டைத் துவைக்காமல் அடுத்தவருக்குப் போடக் கூடாது. இதெல்லாம் நியாயம்தான், அக்கா ஏற்கெனவே செய்வதுதான். இருபத்து மூன்றாவது விதியில்தான் தலை சுற்றியது. சேவை நடக்கும் நேரம் முழுவதும் வாடிக்கையாளர் விழித்த நிலையில் இருத்தல் வேண்டும். அதை உறுதி செய்வது உரிமம் பெற்றவரின் பொறுப்பு.

அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். வெல்டிங் பட்டறையிலிருந்து வந்த அவள் கணவர் எட்டிப் பார்த்து, விதி வலியது என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

நாத்தனாருக்கு மட்டும் விதி என்றால் உயிர். நாற்பத்தொன்றையும் ஒரே வாரத்தில் எண்ணோடு மனப்பாடம் செய்துவிட்டாள். யாரையும் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்வது தன் பொறுப்பு என்று உள்ளறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். முதலில் வாய்ப்பாடு கேட்டாள். கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு அம்மா ஏழெட்டு ஐம்பத்தாறு வரைக்கும் சரியாகச் சொன்னார். ஏழொன்பதில் குறட்டை வந்தது. அதன்பின் நாத்தனார் தன் பழைய வாடகை வீட்டில் மேல்வீட்டுக்காரியோடு ஒன்பது வருடம் போட்ட சண்டையைச் சொல்ல ஆரம்பித்தாள்.

அது நன்றாக வேலை செய்தது. யாரும் தூங்கவில்லை. பூந்தொட்டியை யார் தள்ளிவிட்டது என்று தெரிந்துகொள்ள ஒருவர் அடுத்த வாரத்துக்குப் பதில் மறுநாளே வந்தார். ஆனால் உடம்பு இளகவில்லை. வந்தபோது ஒரு தோள் இறுகியிருந்தவர்கள், மேல்வீட்டுக்காரி மேல் வந்த கோபத்தில் இரண்டு தோளும் இறுகிப் போனார்கள்.

"நான் கையால அவிழ்க்கிற முடிச்சை நீ வாயால போடுற" என்றாள் அக்கா.

"விதி இருபத்து மூணு, அண்ணி" என்றாள் நாத்தனார்.

அப்போதுதான் நகராட்சியிலிருந்து ஆய்வாளர் வந்தார். உயரமான, ஒல்லியான மனிதர். கண்ணோரமெல்லாம் சிவப்பு. தோளில் கனமான பை. நீட்டிய தண்ணீரைக்கூட வாங்கவில்லை. கையூட்டு ஆகிவிடும் என்று தன் பையிலிருந்தே குப்பியை எடுத்துக் குடித்தார். கதவுக் கண்ணாடியை அளந்தார். துண்டுகளை எண்ணினார். அக்காவின் பத்து விரல் நகத்தையும் ஒரு சின்ன அளவுகோல் வைத்துப் பார்த்தார். எல்லாம் சரி. மீதி இருந்தது செய்முறைத் தேர்வு. மாதிரிக்கு ஒரு ஆளைப் படுக்க வைத்து அரை மணி நேரம் மசாஜ் செய்து காட்ட வேண்டும். அந்த ஆள் கண் மூடக் கூடாது. மூன்று வாய்ப்பு உண்டு, மூன்றும் போனால் உரிமம் இல்லை. தேர்வு நேரத்தில் வெளியாள் பேசக் கூடாது என்பதால் மேல்வீட்டுக்காரி கதைக்கும் வழியில்லை.

முதல் வாய்ப்புக்கு அக்காவின் கணவர் வந்தார். நான்கு காபி குடித்திருக்கிறேன், கவலைப்படாதே என்று தைரியம் சொல்லிவிட்டுப் படுத்தார். ஆறாவது நிமிடம் குறட்டையில் கதவுக் கண்ணாடி அதிர்ந்தது. ஆய்வாளர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் கீழே இருந்து சாவிக்கடைக்காரர் வந்தார். இருபது வயதுக்குப் பிறகு பகலில் கண்ணைச் சிமிட்டுவதோடு சரி, மூடியதே இல்லை என்று வாய் கிழியப் பேசுகிறவர். உண்மையிலேயே பதினெட்டு நிமிடம் தாக்குப்பிடித்தார். தூக்கம் வராமலிருக்க ஒரு பழைய பூட்டைத் திறந்த கதையைத் தானாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பூட்டின் நாக்கு எங்கே மாட்டிக்கொண்டது என்று சொல்ல வந்தவர், பூட்டின் நாக்கு என்றதோடு நின்றுவிட்டார். நாத்தனார் வாசலில் நின்று பேருந்து கிளம்புவதைப் போல இருமினாள். "திறந்துட்டேன்" என்று முனகிவிட்டு மறுபடி அயர்ந்தார்.

ஆய்வாளருக்கு இப்போது சந்தேகம் வந்தது. எண்ணெயில் ஏதோ கலந்திருக்கிறது என்று மோந்து பார்த்தார், சின்னப் புட்டியில் எடுத்துக்கொண்டு போனார். பத்து நாளில் முடிவு வந்தது. எண்ணெயில் இருந்தது எண்ணெய்தான்.

மூன்றாவது தடவை வந்தபோது அவர் மாதிரிக்கு ஆள் வேண்டாம் என்றார்.

"சந்தேகம் இருந்தா அலுவலரே நேர்ல சோதிச்சுப் பார்க்கலாம். விதி முப்பத்தொண்ணு. இன்னிக்குப் படுக்கப்போறது நான்தான்."

நாத்தனாருக்கு வாயெல்லாம் பல். கடமையில் இருக்கிற அரசாங்க மனிதர் எப்படித் தூங்குவார்? அக்காவைத் தனியே இழுத்துக்கொண்டு போய், இன்றைக்கு மட்டும் சும்மா தடவிவிடுங்கள், அழுத்தவே வேண்டாம், அரை மணி நேரம் ஓடட்டும் என்று கெஞ்சினாள். அக்காவும் சரி என்றாள்.

ஆய்வாளர் குப்புறப் படுத்தார். முகத்துக்கான ஓட்டைக்குக் கீழே, தரையில், படிவத்தையும் நிறுத்துக் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கையைத் தொங்கவிட்டு அவரே எழுதுவதாக ஏற்பாடு. ஐந்து: விழிப்பு. பத்து: விழிப்பு.

அதுவரை அக்கா சொன்னபடிதான் செய்தாள். ஆனால் அவர் தோளில் கை போனபோது திகைத்துவிட்டாள். தோளா அது, செங்கல். இருபது வருடத் தொழிலில் இப்படி ஒன்றை அவள் தொட்டதில்லை. ஒரே ஒரு முடிச்சை மட்டும் எடுத்துவிடலாம் என்று கட்டைவிரலை வைத்தாள். அது இளகியதும் பக்கத்தில் இன்னொன்று தட்டுப்பட்டது. அதை எப்படி விடுவது? வாசலில் நாத்தனார் இருமி இருமித் தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம். பதினைந்தாவது நிமிடத்துக்கு நேராக ஆய்வாளர் விழி என்று எழுதினார். அதற்கப்புறம் ஒரு கோடு. அந்தக் கோடு படிவத்தைத் தாண்டித் தரையில் கொஞ்ச தூரம் போயிருந்தது.

அக்கா குனிந்து, சார் என்றாள். இன்னொரு தடவை சொன்னாள். நாத்தனார் முழுக்குரலுக்கு மூச்சை இழுத்தாள். அக்கா எண்ணெய்க் கையோடு அவள் வாயைப் பொத்தி முன்னறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"எழுப்பலைன்னா உரிமம் போச்சு அண்ணி."

"எழுப்பினாலும் போச்சு. அதான் தூங்கிட்டாரே. போனதுக்காக ஒரு மனுஷன் தூக்கத்தை எதுக்குக் கெடுக்கணும்?"

இதற்கு நாத்தனாரிடம் விதி எண் எதுவும் இல்லை. வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு அவர் பையில் கைபேசி அடித்தது. விடாமல் அடிக்கவே நாத்தனார் எடுத்தாள். அலுவலகத்திலிருந்து மேலதிகாரி. சார் ஆய்வில் ஆழ்ந்திருக்கிறார் என்றாள். இரண்டு மணிக்கு மறுபடி வந்தது. இன்னும் ஆழமாகப் போய்க்கொண்டிருக்கிறார் என்றாள். மேலதிகாரி, நம்மிடம் இப்படி உழைக்கிற ஆட்கள் குறைவு என்று பாராட்டிவிட்டு வைத்தார்.

மூன்றரை மணிக்கு ஆய்வாளர் எழுந்தார். முகத்தைச் சுற்றி ஓட்டையின் வளையம் பதிந்திருந்தது. கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். நான்கு மணி நேரம் நாற்பது நிமிடம். காதில் வைத்தும் பார்த்தார். பிறகு மேஜை ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு தண்ணீர் கேட்டார். அக்கா கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். கையூட்டு என்பது நினைவுக்கே வரவில்லை.

டம்ளரைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே அவராகவே பேசினார். இந்த வேலைக்கு மாற்றி எட்டு மாதம் ஆகிறதாம். அதற்கு முன் மரங்களைக் கணக்கெடுக்கும் பிரிவில் இருந்திருக்கிறார். மரம் எதுவும் அவரைக் கண்டு முகம் சுளித்ததில்லை. இப்போது எந்தக் கதவைத் தள்ளினாலும் உள்ளே இருக்கிறவர்கள் முகம் விழுந்துவிடுகிறது. படுத்தால் அந்த முகங்கள்தான் வரிசையாக வருகின்றன. நேராக ஒரு மணி நேரம் தூங்கி எட்டு மாதம் ஆயிற்று என்றார்.

சொல்லிவிட்டுப் பேனாவைத் தேடினார். நாத்தனார் நைசாக, விழிப்பு என்றே போட்டுவிடுங்கள், பார்த்தது யார் என்றாள்.

"நான் பார்த்தேனே" என்றார் ஆய்வாளர்.

"நீங்க தூங்கிட்டு இருந்தீங்க சார். எப்படிப் பார்த்திருப்பீங்க?"

அவர் அதை நிஜமாகவே ஒரு நிமிடம் யோசித்தார். போகப்போவது அக்கா இருபது வருடம் கட்டிய கடை. ஆனாலும் தன் மேஜையில் அப்படித் தூங்கிய மனிதரைப் பொய் எழுத வைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"உள்ளதை எழுதுங்க சார். நான் ஒழுங்கா வேலை செஞ்சேன். நீங்க நல்லாத் தூங்குனீங்க. ரெண்டையும் எழுதுங்க."

படிவத்தில் ஆம், இல்லை என்ற இரண்டு கட்டம்தான் இருந்தது. அவர் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் எழுத ஆரம்பித்தார். அதுவும் போதாமல் நாத்தனாரிடம் காகிதம் வாங்கினார்.

முடிவு வராததால் மூன்று வாரம் கடை மூடிக் கிடந்தது. அக்கா துவைத்த துண்டுகளையே மறுபடி துவைத்தாள். வேலையில்லாத கை சும்மா இருக்குமா? தாண்டிப்போகிற கணவரின் கழுத்தைப் பிடித்துவிட்டாள். அவர் சாப்பிடும்போதே தூங்கி விழுந்ததால் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்கு ஓட ஆரம்பித்தார். நான்காவது வாரம் நகராட்சியிலிருந்து விசாரணைக்கு அழைப்பு வந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கனத்த திரை போட்ட பெரிய அறை. குழுவில் ஐந்து பேர். நடுவில் தலைவர். யார் என்று பார்த்தால், சாக்கடை வாக்கெடுப்புக்கு வராமல் போன அதே கவுன்சிலர். ஆய்வாளர் எழுந்து நின்று தன் அறிக்கையை ஏற்ற இறக்கமில்லாமல் படித்தார். இந்த விதிப்படி வேலை தெரியாதவருக்கு உரிமம் கிடைக்கும், தெரிந்தவருக்குக் கிடைக்காது. இதற்கு நானே சாட்சி, பதினைந்தாவது நிமிடம் வரைக்கும் நேரடிச் சாட்சி என்று முடித்தார்.

பணி நேரத்தில் தூங்குவது தண்டனைக்குரிய குற்றம் என்று தலைவர் உறுமினார். அவர் உறுமி முடித்ததும், ஓரத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த எழுத்தர் தயங்கித் தயங்கி எழுந்தார்.

"ஐயா, உங்களுக்கு இடது பக்கம் இருக்கிற ரெண்டு உறுப்பினர்களும் தூங்கிட்டாங்க. குறிப்புல வந்திருந்தார்கள்னு போடட்டுமா, தூங்கினார்கள்னு போடட்டுமா?"

தலைவர் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார். ஒருவர் தாடை நெஞ்சில் இடித்துக்கொண்டிருந்தது. இன்னொருவர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் கலையில் தேர்ந்தவர். தலைவர் தன் தோளை ஒருமுறை சுழற்றிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி அக்காவிடம் கேட்டார்.

"உங்க கிட்ட வந்தா எவ்வளவு நேரத்துல தூக்கம் வரும்?"

"பத்து நிமிஷம் ஆகும் ஐயா. உங்க தோளைப் பார்த்தா எட்டுன்னு தோணுது."

அன்றே விதி திருத்தப்பட்டது. வாடிக்கையாளர் தூங்கலாம். ஆனால் படுப்பதற்கு முன் எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பிற்பாடு யாரும் தூங்க வைத்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. இது தன் சொந்த யோசனை என்று தலைவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். ஆய்வாளருக்கு எழுத்து மூலமாக ஒரு கண்டிப்பு கிடைத்தது. அவர் அதைப் பிழை இருக்கிறதா என்று படித்துப் பார்த்து, ஒரு எழுத்தைத் திருத்திக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

உரிமம் வந்து கடை திறந்த அன்று, முதல் ஆளாக ஒரு பெண் படியேறி வந்தாள். கக்கத்தில் கைப்பை, முகத்தில் கடுகடுப்பு. நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. தன்னை ஆய்வாளரின் மனைவி என்று சொல்லிக்கொண்டாள்.

"அவருக்கு என்ன செஞ்சீங்க? ஒரு மாசமா காலையில எழுந்து பாட்டுப் பாடுறார். கேக்க முடியலை."

பாட்டை நிறுத்தத் தனக்குத் தெரியாது என்று அக்கா பணிவாகச் சொன்னாள். அந்தப் பெண் உள்ளறை மேஜையை எட்டிப் பார்த்தாள். இடது கையால் தன் பின்கழுத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

"சரி, நான் எப்ப வரலாம்?"

வியாழக்கிழமை மூன்று மணி என்றாள் அக்கா. நாத்தனார் பதிவேட்டில் எழுதிக்கொண்டாள்.