நல்லவர் என்று சொல்ல ஒருத்தி

குணவதிக்குக் கோபம் வந்தால் பாத்திரம் தேய்ப்பாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தேய்த்து வைத்த குக்கரையே மூன்றாவது முறையாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே, ஒனஹங்காவில் இருந்த அவர்கள் வீட்டின் பின்புறத் தோட்டத்தில், அவள் புருஷன் செல்வராஜும் அவன் கூட்டாளிகளும் கோழி சுட்டபடி நாட்டைத் திருத்திக்கொண்டிருந்தார்கள்.

1997 பிப்ரவரி மாதம். ராவுரிமு என்ற மலையூரில் ஆறு பேர் சுட்டுக் கொல்லப்பட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. போன வருஷம்தான் பக்கத்து நாடான ஆஸ்திரேலியாவில் முப்பத்தைந்து பேர் சுடப்பட்டுச் செத்து, அந்த நாடு துப்பாக்கிச் சட்டத்தையே மாற்றியது. இங்கேயும் மாற்ற வேண்டுமா வேண்டாமா என்று டிவியிலும் பஸ்ஸிலும் ஒரே பேச்சு. தோட்டத்தில் பிரசாத்தின் குரல்தான் எல்லாருக்கும் மேலே கேட்டது. அவன் சென்னைக்காரன். சிட்டியில் ஒரு பாங்கில் கம்ப்யூட்டர் வேலை, பணக்காரப் பேட்டையான எப்சத்தில் வீடு.

"துப்பாக்கியைத் தடை பண்ணா மட்டும் என்ன ஆயிடும்? பொறுப்பானவனுக்குக் குடு, பொறுப்பில்லாதவனுக்குக் குடுக்காதே. லைசென்ஸ் கேக்கறவனை நல்லவன், வல்லவன்னு ஒருத்தன் பொய்ச் சாட்சி சொல்றான் பாருங்க, அவனை முதல்ல பிடிச்சு உள்ள போடணும்!"

"சரியா சொன்னீங்க லா," என்றான் செல்வராஜ். மலாய்க்காரர் நடுவே கிள்ளானில் வளர்ந்த அவனுக்கு யார் சத்தமாகப் பேசினாலும் அது சரிதான்.

அரை மணி கழித்து அதே பிரசாத் காலித் தட்டோடு சமையலறைக்கு வந்து நின்றான்.

"அக்கா, ஒரு சின்ன உதவி. மே மாசம் எங்க பாஸ் வாத்து வேட்டைக்குப் போறாரு. செக்‌ஷன்ல எல்லாரையும் கூப்பிட்டிருக்காரு. போனாத்தான் மதிப்பு. துப்பாக்கி லைசென்ஸுக்கு அப்ளை பண்ணியிருக்கேன். சாட்சிக்குச் சொந்தக்காரங்க இல்லாத ஒருத்தர் பேரும் வேணும்னாங்க. உங்க பேரைக் குடுத்துட்டேன்."

"என் பேரையா? ஒரு வார்த்தை கேக்காமயா?"

"எங்க வீட்டுக்காரி அஸ்வினிதான் சொன்னா, அக்கா பேரைப் போடுங்கன்னு. போலீஸ்லருந்து ஒருத்தர் வீட்டுக்கு வருவாரு, நாலு கேள்வி கேப்பாரு. நல்லவர்னு சொல்லிடுங்க. நமக்குள்ள என்னக்கா?"

நமக்குள்ளே இருந்தது என்னவென்று இரண்டு பேருக்கும் தெரியும். குணவதியின் மகள் ஷாமினி படிப்பது எப்சத்தில் ஒரு நல்ல பள்ளிக்கூடத்தில். அந்த வட்டாரத்தில் குடியிருந்தால்தான் அங்கே இடம். ஷாமினி குடியிருப்பது பிரசாத் வீட்டில் என்று பள்ளிக்கூடத்துக் காகிதம் சொல்கிறது. அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவன் பிரசாத். நம் ஆட்களுக்குள் கையெழுத்து என்பது கடுகு, பெருங்காயம் போலத்தான். இன்றைக்கு நீ கொடு, நாளைக்கு நான் தருகிறேன். வாடகை வீட்டுக்கு ஒன்று, விசாவுக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று. இப்போது துப்பாக்கிக்கும் ஒன்று கேட்கிறான். வேலிக்கு ஓணான் சாட்சி.

வேறு யாராவது கேட்டிருந்தால் அவளும் யோசிக்காமல் சொல்லியிருப்பாள். ஆனால் பிரசாத்தைப் பற்றி அவளுக்கு ஒரு விஷயம் தெரியும்.

போன நவம்பரில், மழை கொட்டிய ஒரு சாயங்காலம், பிரசாத் தன் மகளையும் ஷாமினியையும் பள்ளிக்கூடத்திலிருந்து காரில் ஏற்றிக்கொண்டு வந்தான். பென்ரோஸில் செல்வராஜ் வேலை செய்யும் கிடங்கில் ஷாமினியை இறக்கிவிடுவதாக ஏற்பாடு. கிரேட் சவுத் ரோட்டில் ஒரு சிவப்புக் கார் குறுக்கே புகுந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. பிரசாத் அந்தக் காரை விடாமல் துரத்தி, ஒரு தொழிற்சாலைச் சந்தில் மடக்கி, டிக்கியிலிருந்து சக்கரம் கழற்றும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய் அதன் பக்கக் கண்ணாடியையும் ஜன்னலையும் உடைத்தான். உள்ளே இருந்தவள் ஒரு கிழவி. அவன் காரின் பின்சீட்டில் இரண்டு பெண் குழந்தைகளும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தவன், "வீட்ல சொல்லக்கூடாது" என்றான்.

ஷாமினி வீட்டில் சொன்னாள். ஆங்கிலத்தில், ஒன்று விடாமல் சொன்னாள். பெற்றவள் என்ன செய்தாள்? "நீ ஒண்ணும் பாக்கல. யார்கிட்டயும் பேசாதே, பள்ளிக்கூடம் போயிடும்" என்று பதினோரு வயதுக் குழந்தையின் வாயை அடைத்தாள். அதை நினைக்கும்போதெல்லாம் குணவதிக்குத் தன் கன்னத்திலேயே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

இரவு சாப்பாட்டின்போது செல்வராஜிடம் சொல்லிப் பார்த்தாள்.

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சொல்வாங்க. அவனுக்குத் துப்பாக்கி வேற வேணுமாக்கும்?"

"வாத்து சுடத்தானே கேக்கறாரு? நீ ஒருத்தி இல்லன்னு சொன்னா மட்டும் என்ன ஆவப் போவுது? அதை போலீஸ் பாத்துக்குவான்."

"அந்த போலீஸ் என்னைத்தான் கேக்க வர்றான்!"

"பிள்ளை படிப்பை நினைச்சுப் பாரு லா."

பிள்ளையை நினைத்துத்தானே அவளுக்குத் தூக்கமே போனது. ஆனாலும் நான்கு நாள் யோசித்து, கடைசியில் நல்லவர் என்று சொல்லிவிட்டுப் போவோம் என்ற முடிவுக்கு வந்துவிட்டாள், அவளும் நம்மில் ஒருத்திதானே. நல்ல குடும்பஸ்தர், கோயிலுக்கு வருவார், குடிக்க மாட்டார். மூன்று வாக்கியம்தான். தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சோதனைக் குழாய்களை அடுக்கும்போதே மனப்பாடம் செய்து வைத்தாள்.

மார்ச் மாதம் இரண்டாவது வாரம் போலீஸ் அதிகாரி வந்தார். நரைத்த தலை, தாழ்ந்த குரல். டீயை வாங்கி வைத்துக்கொண்டு, படிவத்தை முழங்காலில் விரித்தார். எத்தனை வருஷப் பழக்கம், குடிப்பாரா, மனைவியோடு எப்படி என்று கேட்டார். மூன்று வாக்கியமும் தடங்கலில்லாமல் வந்தன. செல்வராஜ் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினான்.

"கோபப்படுவாரா?" என்று கேட்டார் அதிகாரி.

அந்த நேரம் பார்த்து ஷாமினி பள்ளிக்கூடச் சீருடையோடு, கையில் ஜாம் தடவிய ரொட்டியோடு கதவருகே வந்து நின்றாள். அம்மாவையே பார்த்தாள். குணவதி வாயைத் திறக்கும் முன், அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று தெரிந்ததுபோல, திரும்பித் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சத்தமே வராமல் சாத்தினாள்.

படீரென்று அறைந்து சாத்தியிருந்தால் குணவதி தாங்கியிருப்பாள். வாயை மூடப் பழகிய பிள்ளை கதவை மூடும் அழகு அது. பழக்கிவிட்டவள் இவள்தான்.

"கோபமா? கையில் கிடைத்ததை எடுத்து அடிக்கிற கோபம்," என்றாள் குணவதி.

"குணா!" என்றான் செல்வராஜ் தமிழில். "வாயை மூடு."

"மூடித்தான் இருந்தேன். நாலு மாசமா மூடித்தான் இருந்தேன்!"

ஸ்பேனர் கதை முழுவதையும் சொன்னாள். அதிகாரி எழுதிக்கொண்டே, "நீங்கள் நேரில் பார்த்தீர்களா?" என்றார்.

"என் மகள் பார்த்தாள்."

"உங்கள் மகள் ஏன் அவர் காரில் இருந்தாள்?"

செல்வராஜ் அவள் கையைப் பிடித்து அழுத்தினான். இதைச் சொன்னால் அதையும் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் பள்ளிக்கூடம் போய்விடும். குணவதி கையை உதறினாள்.

"ஏனென்றால் நாங்களும் பொய் எழுதிக் கொடுத்திருக்கிறோம்," என்று ஆரம்பித்தாள்.

மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு எப்சத்துக்குப் போய், பள்ளிக்கூட ஆபீஸில் உண்மை விலாசத்தை அவளே எழுதிக் கொடுத்தாள். அங்கிருந்த பெண் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இந்தப் பருவம் முடிந்ததும் ஷாமினி வேறு பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாகிவிட்டது. செல்வராஜ் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. பேசாதவரைக்கும் நல்லது என்று அவளும் விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பிரசாத் போன் செய்தான். விண்ணப்பத்தை நிறுத்தி வைத்துவிட்டார்களாம்.

"சோறு போட்ட கையைக் கடிச்சிட்டீங்கல்ல? நாளைக்கே ஸ்கூலுக்குப் போறேன். உங்க பொண்ணு என் வீட்ல இல்லன்னு எழுதிக் குடுக்கறேன். அப்ப தெரியும் நான் யாருன்னு!"

"நான் எழுதிக் குடுத்தாச்சு. நீங்க சிரமப்பட வேணாம்," என்றாள் குணவதி. "அன்னிக்கி என் வீட்ல நின்னு நீங்கதானே சொன்னீங்க, பொய்ச் சாட்சி சொல்றவனைப் பிடிச்சு உள்ள போடணும்னு? அதான் நான் பொய் சொல்லல."

போனை வைத்தவள் நேரே போய்ப் பாத்திரம் தேய்க்கத் தொடங்கினாள். பயமில்லை, அத்தனையும் ஆத்திரம். இத்தனை பேர் கூடி நாட்டைப் பற்றி, சட்டத்தைப் பற்றி, யார் பொறுப்பு என்பதைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். தங்களிடம் ஒரு கேள்வி வந்தால் மட்டும் எல்லாருக்கும் வாயில் கொழுக்கட்டை.

சனிக்கிழமை காலை அஸ்வினி கூப்பிட்டாள். பிரசாத்தின் மனைவி, சிட்டியில் பல்கலைக்கழகத்துப் பக்கம் ஒரு புத்தகக் கடையில் வேலை செய்பவள். திட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று குணவதி தயாராக நின்றாள்.

"அக்கா, அவர் குளிச்சிட்டு இருக்காரு, சீக்கிரம் சொல்லிடறேன். என்னையும் வந்து கேட்டாங்க. நான் நல்லவர்னு சொல்லிட்டேன். அவர் பக்கத்து ரூம்ல இருந்தாரு."

"நீதான் என் பேரைப் போடச் சொன்னியாமே?"

"ஆமாக்கா. ஷாமினி உங்ககிட்ட சொல்லியிருப்பா, நீங்க உண்மையைச் சொல்லிடுவீங்கன்னு தெரியும். வேற யாரு பேரைப் போட்டிருந்தாலும் நல்லவர்னு சொல்லியிருப்பாங்க."

பிரசாத்தை நல்லவர் என்று சொல்லக் குணவதி மூன்று வாக்கியம் மனப்பாடம் செய்தது இவளுக்குத் தெரியாது. எந்த மரத்தைப் பிடித்தால் கரையேறலாம் என்று தேடியவள், ஏறக்குறைய முறிந்துபோன கிளையையல்லவா பிடித்திருக்கிறாள்!

"ஏன்டி, அதை நீயே சொல்லியிருக்கக் கூடாதா? அவ்வளவையும் என் தலையில கட்டினியே! அந்த ஸ்பேனர்..."

"ஸ்பேனர் கார்லயே இருந்திருந்தா பரவால்லக்கா. இப்ப அதை வீட்டுக்குள்ள கொண்டு வந்து வச்சிருக்காரு. நேத்து போனை வச்சதுக்கப்புறம்..."

அங்கே ஒரு கதவு திறந்தது. அஸ்வினியின் குரல் சட்டென்று மாறியது. அத்தனை தெளிவாக, அத்தனை சந்தோஷமாக அவள் பேசிக் குணவதி கேட்டதே இல்லை.

"ஆமாக்கா, மீன் குழம்புக்குப் புளி கொஞ்சம் கம்மியாத்தான் போடணும். சரி, வச்சிடறேன்."

லைன் அறுந்தது. குணவதி ரிசீவரை வைக்கவில்லை. ஃப்ரிட்ஜ் மேல் கிடந்த, அதிகாரி கொடுத்துவிட்டுப் போன கார்டை எடுத்து, எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். ஷாமினி அறையிலிருந்து வெளியே வந்து சுவரோரமாக நின்றாள். இந்தத் தடவை அவள் காதிலும் விழட்டும் என்றே பேசினாள் குணவதி.

"இரண்டு விஷயம்," என்றாள் போனில். "பிரசாத் வீட்டுக்கு இப்போதே யாரையாவது அனுப்புங்கள். அவர் மனைவியிடம் மறுபடியும் கேளுங்கள். அந்த வீட்டில் வைத்துக் கேட்காதீர்கள்."