கருங்கோட்டுக்கு ஏற்ற மாதம்

முதலில் ஜீப்பின் முன்சக்கரங்கள் போயின, பிறகு விளக்குகள், பிறகு ஜீப்பில் சாய்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த டிரைவர் பொன்னுலிங்கத்தின் கால்கள், இடுப்பு, கடைசியாக அவர் வாயருகே இருந்த சிவப்புப் புள்ளி, அதுவும் போனபின் வெள்ளை மட்டுமே மிஞ்சியது, பள்ளத்திலிருந்து மேலேறி வந்த மூடுபனி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டுவிட்டது, ஞானசௌந்தரி கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கிறாள், விரல்கள் இருக்கின்றன, முழங்கைக்குக் கீழே சேலையும் இல்லை உடம்பும் இல்லை, மதியம் இரண்டு மணிதான், ஆனால் இரண்டு மணி என்பது கீழே ஊரில் இருப்பவர்களுக்கு, இங்கே நேரம் என்று எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை, ஐப்பசியில் இந்த மலைக்கு வரக் கூடாது என்று அவளே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள்.

அதுதானே அவள் வேலை, பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருக்கும் டிராவல்ஸில் பதினெட்டு வருடமாக அவள் சொல்லிவருவது அதை மட்டும்தான், எந்த ஊருக்கு எந்த மாதம், யக்கா எப்ப போனா நல்லாருக்கும் என்று கேட்டுக்கொண்டே படியேறி வருகிறவர்களுக்கு எந்தப் புத்தகத்தையும் புரட்டாமல் பதில் சொல்வாள், குற்றாலத்துக்கு ஆனி கடைசியில போங்க, சாரல் அப்பத்தான் முகத்துல விழும், காஷ்மீருக்குச் சித்திரை, பூவும் இருக்கும் பனியும் இருக்கும், அந்தமானுக்குத் தை மாசம், ராஜஸ்தானுக்குக் கார்த்திகை போகட்டும், மூணாறுக்கு மழை விட்டபொறவு, இல்லாட்டா அட்டை காலை விடாது, இதில் பாதி ஊரை அவள் கண்ணால் பார்த்தது கிடையாது, போய்விட்டு வருகிறவர்களை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து வெயில் எப்படி, காற்று எப்படி, இருட்டுவது எப்போது என்று கேட்டுக் கேட்டுச் சேர்த்த அறிவு அது, பிழை போனதில்லை, ஒரே ஒரு தடவையைத் தவிர.

அந்த ஒரு தடவை ஆறு வருடத்துக்கு முன்னால், புரட்டாசியில், காஷ்மீர் போகிற பதினோரு பேர் அவள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், ஆளாளுக்குப் பெயரும் வயதும் சொல்கிறார்கள், அவள் எழுதிக்கொண்டிருக்கிறாள், தோளுக்கும் காதுக்கும் நடுவே போன், அதில் தூத்துக்குடியிலிருந்து தங்கை தபிதா, யக்கா நாங்க ரெண்டு பேரும் கருங்கோட்டு எஸ்டேட்டுக்குப் போலாம்னு இருக்கோம், இவியளுக்கு லீவு கெடச்சிருக்கு, எப்ப போவோம், ஐப்பசி மொத வாரம் போங்கட்டி, கூட்டம் இருக்காது, என்றாள் இவள், மழையா இருக்காதாக்கா, நாந்தான சொல்லுதேன், போங்க, அவ்வளவுதான், போனை வைத்தபின் அவள் அதை நினைக்கவும் இல்லை, அந்த மலையின் விளிம்பில் ஐப்பசி முழுக்க எப்படிப் பனி ஏறும் என்பது அவளுக்கு அன்றைக்கே தெரியும், அவள் வாய்க்குத் தெரிந்திருக்கவில்லை, அல்லது எட்டாவது ஆளின் வயதை அறுபத்திரண்டா அறுபத்துமூன்றா என்று கேட்டுக்கொண்டிருந்ததால் தெரிந்தது நாக்குவரை வந்துசேரவில்லை.

ஐப்பசி நாலாம் தேதி தபிதாவின் கணவர் ஜெபசிங் போன் செய்தார், மைனி இங்கனதான் நின்னா, போட்டோ எடுக்கதுக்கு நான் ரெண்டு அடி பின்னால போனேன், பனி வந்துட்டு, விலகுனா ஆளக் காணும், ஒரு சத்தமும் இல்ல மைனி, ஒரு சத்தமும் இல்ல, என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார், எஸ்டேட் ஆட்களும் தீயணைப்புக்காரர்களும் ஒன்பது நாள் கயிறு கட்டி இறங்கினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை, இந்த மாதத்தில் ஏன் இங்கே வந்தீர்கள் என்று போலீஸ்காரர் கேட்டபோது சும்மாதான் வந்தோம் என்றார் ஜெபசிங், பக்கத்தில் நின்றுகொண்டிருந்த ஞானசௌந்தரி வாயைத் திறக்கவில்லை, அன்று திறக்காத வாய் அதற்குப் பிறகும் திறக்கவில்லை, வருடத்துக்கு ஒருமுறை நினைவு ஜெபத்தில் இருவரும் ஒரே பாயில் முழங்கால் போடுவார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள்.

அதற்குப் பிறகு யார் கருங்கோடு என்று சொன்னாலும் ஐப்பசி மட்டும் வேண்டாம் என்பாள், சிலர் கேட்பார்கள், சிலர் கேட்கமாட்டார்கள், கேட்காமல் போய்விட்டு வந்த சிவகாசித் தம்பதி ஒன்று மூன்று வருடத்துக்கு முன் சொன்னது, பனிக்குள்ள ஒரு பொம்பள குரலுக்கா, இப்ப வேண்டாம் திரும்பிப் போங்கன்னு சொல்லிச்சு, நாங்களும் பயந்துபோய் வந்துட்டோம், தேயிலை பறிக்கிற பெண்ணாக இருக்கும் என்றாள் ஞானசௌந்தரி, மறுவருடம் கோவில்பட்டியிலிருந்து போன பேங்க் ஆபீசரும் அதையே சொன்னார், அப்போதும் இலை பறிக்கிற பெண் என்றாள், சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் விளக்கைப் போட்டபடியே படுத்தாள்.

இந்த வருடம், மூன்று நாள் முன்னால், ரிட்டயரான கிரகோரியம்மாள் டீச்சர் படியேறி வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தார், போகாதேன்னு சொன்ன, நாந்தான் கேக்கல சௌந்தரி, ஆனா நல்ல பொண்ணும்மா அது, மொகந்தான் தெரியல, இந்த மாசத்துல ஏன் வந்திய, ஒங்களுக்கு யாரு சொன்னான்னு கேட்டுது, யாரும் சொல்லல நானா வந்தேன்னேன், எனக்கு ஒருத்தி சொன்னா, நான் கேக்கும்போது எழுதிக்கிட்டே இருந்தா, தலையத் தூக்கவே இல்லன்னுது, அப்பொறம் போயிருங்க டீச்சர்ன்னுது, நான் டீச்சர்ன்னு அதுக்கு எப்படித் தெரியும் சொல்லு, என்று டீச்சர் ஆச்சரியப்பட்டது ஞானசௌந்தரியின் காதில் விழவே இல்லை, தான் எழுதிக்கொண்டிருந்தது தபிதாவுக்கு எப்படித் தெரியும், தங்கை போனில் அல்லவா இருந்தாள், ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால்.

அதனால் வந்தாள், எஸ்டேட் செக்போஸ்ட்டிலிருந்து பொன்னுலிங்கத்தின் ஜீப்பில், இந்த நேரத்துல மேல ஒண்ணும் தெரியாதுமா என்று அவர் சொல்லச் சொல்ல, தெரிய வேண்டாம், என்று சொல்லி ஏறி உட்கார்ந்து, இப்போது வெள்ளைக்குள் நிற்கிறாள், புல் நனைந்து செருப்பு வழுக்குகிறது, யக்கா என்கிறது பனி.

இடப்பக்கமா, கீழேயா, தன் தொண்டைக்குள்ளேயா என்று தெரியவில்லை, தபி, நான் தெரியாமச் சொல்லிட்டேன்ட்டி, தெரிஞ்சுதான் இருந்துதுக்கா, நீ கவனிக்கல, அந்தக் குரலில் கோபம் இல்லை, பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறாய் என்று சொல்வதுபோலச் சொன்னது, ஒனக்குக் குளுருதாட்டி, இல்லக்கா, இங்க ஒரே மாசந்தான், மாறவே மாறாது, வாரவங்களத் திருப்பி அனுப்பிக்கிட்டே இருக்கேன், நல்லாச் சொல்லுதேன்லா, நல்லாச் சொல்லுத, என்றாள் ஞானசௌந்தரி, அழுதுகொண்டே, நானும் திரும்பிப் போவணுமா தபி, குரல் மிகப் பக்கத்தில் வந்தது, காது மடலில் மூச்சுப் படும் பக்கத்தில், நீ எப்ப வேணாலும் வரலாம்க்கா, ஒனக்கு எல்லா மாசமும் நல்ல மாசந்தான், அதைக் கேட்டதும் அவளுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது, ஆறு வருடப் பாரத்தை யாரோ வாங்கிக்கொண்டதுபோல, ஒரு காலை எடுத்து முன்னால் வைக்கிறாள், காலுக்கடியில் புல் இல்லை, மண் இல்லை, கீழேயிருந்து மேலே வருகிற காற்றுதான் உள்ளங்காலைத் தொடுகிறது.

ஹாரன் கேட்டது, நீளமாக, விடாமல், பொன்னுலிங்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறார், அவள் அப்படியே பின்னால் சாய்ந்து விழுந்தாள், எழுந்திருக்கவில்லை, குழந்தையைப்போல நாலு காலில் புல்லைப் பற்றிப் பற்றி ஹாரன் வந்த பக்கம் நகர்ந்தாள், கை ஜீப்பின் டயரில் பட்டபோது ரப்பரின் சூடு எவ்வளவு நல்லதாக இருந்தது, யாருகிட்டம்மா பேசிக்கிட்டு இருந்திய, என்றார் அவர், யாருமில்ல, என்றாள், ரெண்டு கொரலு கேட்டுச்சே, என்றார், அதற்கு மேல் கேட்கவில்லை, கீழே செக்போஸ்ட் வரும்வரை ஒரு பீடிகூடப் பற்றவைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவள் தூத்துக்குடிக்குப் போனாள், ஜெபசிங் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிற வீடு, இரண்டு டம்ளரில் காபி போட்டுக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார், அவள் சொல்லிவிட்டாள், பதினோரு பேரையும், எழுதிக்கொண்டிருந்ததையும், நாந்தான சொல்லுதேன் போங்க என்றதையும், தெரியும் மைனி, என்றார் அவர், அவ ஸ்பீக்கர்லதான் போட்டிருந்தா, நீங்க யாருகிட்டயோ வயசு கேட்டது எனக்கும் கேட்டுச்சு, போன வச்சிட்டு அவ சிரிச்சா, அக்கா எழுதிக்கிட்டு இருந்திருப்பா, தலையத் தூக்கியிருக்கவே மாட்டா, நாளைக்குத் திருப்பிக் கேப்போம்னா, நாந்தான் லீவ மாத்த முடியாது, போவோம் வான்னு கூட்டிட்டுப் போனேன், போலீஸ்ல அதச் சொல்ல எனக்கு வாய் வரல, ஒங்க மொகத்தப் பாக்கவும் முடியல, இத்தன வருசமா.

காபியில் ஆடை படிந்தது, இருவரும் குடிக்கவில்லை, அவள் மலைக்குப் போனதையும் சொன்னாள், குரலைச் சொன்னாள், டீச்சரைச் சொன்னாள், காது மடலில் கேட்டதை மட்டும் சொல்லவில்லை, ஜெபசிங் நிமிர்ந்தார், அவர் முகத்தில் ஆறு வருடத்துக்கு முந்தைய ஆள் வந்து உட்கார்ந்ததுபோல இருந்தது, எப்ப போனா பேசுவா மைனி, எந்த மாசம் போவணும், என்று கேட்டார், மாடிப்படி ஏறி வருகிற யாரும் கேட்கிறதுபோலத்தான் கேட்டார், அவளுக்குப் பதில் தெரியும், ஐப்பசி முதல் வாரம், மதியம் இரண்டு மணி, கீழேயிருந்து பனி ஏறும் நேரம், அவள் டம்ளரைக் கீழே வைத்தாள், கையில் பேனா இல்லை, காதில் போன் இல்லை, அவர் கண்ணையே பார்த்துச் சொன்னாள், தையில போங்க, வெயில் நல்லா அடிக்கும், பள்ளம் அடிவரைக்கும் தெரியும், புல்லு எங்கன முடியுதுன்னு தெரியும், அவர் அதை யோசித்தார், தையில அவ இருக்க மாட்டாளே மைனி, என்றார்.

இருக்க மாட்டா, என்றாள்.

ஜெபசிங் ஜன்னல் பக்கம் திரும்பினார், வெளியே உப்புக்காற்றில் யார் வீட்டுத் துணியோ படபடத்துக்கொண்டிருந்தது, சரி, தையிலயே போறேன், என்றார் கடைசியில், பிறகு சாதாரணமாக, நீங்க எப்ப போவிய மைனி, என்று கேட்டார், பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக ஞானசௌந்தரியிடம் மாதம் எதுவும் இல்லை, அவள் எழுந்து இரண்டு டம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி, பஸ்ஸுக்கு நேரமாச்சு, என்றாள்.