தொட்டியில் விழுந்த வெண்சாம்பல்

மக்னீசியச் சீவல்கள் பற்றிக்கொண்டபோது பட்டறைக்காரி தண்ணீரைத் தொடவில்லை. உலர்ந்த மணலைக் கொட்டினாள். கண்ணைக் கூசவைத்த சுடர் அடங்கியது. சீவல்களை மூடியில்லாத டப்பாவில் சேர்த்துவைத்தது அவளுடைய தவறு. அதை அவள் மறுக்கவில்லை. ஆனால் வெண்புகை அதற்குள் சன்னல் வழியே பக்கத்து வண்ணமீன் கடைக்குள் புகுந்துவிட்டது.

மீன்கடை அவளுடைய அக்காள் கணவருடையது. சன்னலோரத் தொட்டியில், மூன்றாண்டுக் காத்திருப்புக்குப் பின், ஒரு ஜோடி டிஸ்கஸ் மீன்கள் முதன்முறையாக முட்டையிட்டிருந்தன. அவள் ஓடிச்சென்றபோது நீர்ப்பரப்பில் வெண்தூள் படிந்திருந்தது. அத்தானின் கையில் சுண்ணாம்புக் கிண்ணம்.

"அத்தான், கொட்டாதீங்க."

"போன வருஷம் டயர் எரிஞ்சப்ப இதுதான் காப்பாத்துச்சு. புகைன்னாலே அமிலம்தான், சுண்ணாம்பு அதை முறிச்சிடும். எனக்கே பாடம் எடுக்குறியா?"

"டயர்ல கந்தகம் இருக்கு, அதனால அது அமிலம். இது உலோகம். உலோகம் எரிஞ்சா வர்ற ஆக்சைடு தண்ணில காரமாயிடும். சுண்ணாம்புக்கு அது பங்காளி. ரெண்டும் சேர்ந்தா ஒரு முட்டைகூட மிஞ்சாது."

"தீ வெச்சவ பேசுற பேச்சைப் பாரு."

"தீ வெச்சவளுக்குத்தானே என்ன எரிஞ்சுதுன்னு தெரியும்? ஊருக்கெல்லாம் தண்ணி அமிலமா காரமான்னு பாக்குற சோதனைச் சொட்டு விக்கிறீங்களே, ஒருநாளாவது நீங்க போட்டுப் பாத்திருக்கீங்களா? மஞ்சளானா அமிலம், கிண்ணம் உங்க இஷ்டம். நீலமானா காரம், நான் சொல்றதைக் கேக்கணும்."

கண்ணாடிக் குழாயில் தொட்டி நீரை எடுத்து, அவர் மூன்று சொட்டு விட்டார். நீர் ஐயத்துக்கு இடமின்றி நீலமாயிற்று. அவர் கிண்ணத்தை மேசைமேல் வைத்தார். வைத்த ஓசையில் மட்டும் சற்றுக் கோபம் இருந்தது.

மேலே மிதந்த தூளை அவள் வழித்தெடுத்தாள். அவர் மூன்றிலொரு பங்கு நீரைக் குழாயால் இறக்கிவிட்டு, பக்குவப்படுத்தி வைத்திருந்த நீரை மெல்லிய தாரையாக விட்டார். நண்பகலில் சொட்டு பச்சை காட்டியது. மறுபடி மாற்றினார்கள், மாலையில் டிஸ்கஸுக்கு உகந்த இலேசான அமிலத்தின் பழைய மஞ்சள் திரும்பியது. ஓரத்தில் ஒதுங்கியிருந்த மீன்கள் முட்டைகள் ஒட்டியிருந்த கல்லருகே வந்து துடுப்பால் விசிறத் தொடங்கின.

"உங்க அக்காகிட்ட சொல்லிடாதே."

"எதை? நான் தீ வெச்சதையா, நீங்க சுண்ணாம்பு எடுத்ததையா?"

"ரெண்டையும்."

அன்றே அவள் சீவல் டப்பாவுக்கு இரும்பு மூடி செய்தாள். மறுநாள் மீன்கடைச் சுண்ணாம்பு டப்பாவில் அத்தானின் கையெழுத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: 'எரிந்தது எது? முதலில் சொட்டு.'