ஹார்டில் வைத்த ஆட்டம்

கிணற்று ராணியை நான் கொன்ற அன்று காந்திபுரமே கிடுகிடுத்துப் போனது. டவுன் பஸ்கள் நின்ற இடத்திலேயே நின்றன. கண்டக்டர்கள் வாயிலிருந்து விசிலை எடுத்துவிட்டு எனக்குக் கை தட்டினார்கள். சரி, அவ்வளவு இல்லை. கம்ப்யூட்டர் சென்டரில் பக்கத்து நாற்காலிக்காரர் என் விளையாட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பம்புசெட் கம்பெனியில் காலமெல்லாம் படம் வரைந்துவிட்டு ரிட்டையரான இந்தப் பாலுசாமிக்குத் தொண்ணூற்றாறாம் வருஷத்தில் அதுவே பெரிய மரியாதை.

நேராகப் போத்தனூருக்குப் பஸ் ஏறி, என் சிநேகிதர் ரசாக் பாய் வீட்டில் போய்ச் சொன்னேன். ஜவுளிக்கடையை மகன் அர்ஷத்திடம் ஒப்படைத்துவிட்டு அவரும் வீட்டில்தான் இருந்தார். கடைக் கணக்குக்கு என்று அர்ஷத் வாங்கிவந்த கம்ப்யூட்டரில் அவரும் அதே விளையாட்டைத்தான் ஆடிக்கொண்டிருந்தார்.

"ராணி செத்தாளுங்க பாய். காப்பி ஆறறதுக்குள்ள முடிச்சுப்போட்டேன்."

"ஈஸியா, ஹார்டா மச்சான்?"

"ஈஸிதானுங்க."

"அப்ப நீ ஆடல. பாத்துட்டு வந்திருக்க."

எங்கள் சண்டை அன்று ஆரம்பித்தது. அந்த விளையாட்டில் நாமே நான்கு பேரை உருவாக்கி, ஒவ்வொருவருக்கும் பலம், வேகம், உயிர் என்று எண்களைப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். நாம் ஒரு அடி, எதிரி ஒரு அடி என்று முறை வைத்துச் சண்டை. ஊர் ஊராக அலைந்து, கடைசியில் பாழுங்கிணற்றில் இருக்கும் ராணியைக் கொன்றால் வெற்றி. ஈஸியில் வைத்தால் நம் அடி பலமாக விழும், செத்தவனும் எழுந்து வருவான். ஹார்டில் செத்தவன் செத்தவன்தான். சேமிப்பதும் சத்திரங்களில் மட்டும். நால்வரும் செத்தால் ஆட்டமே அழிந்துபோகும்; மறுபடி முதலிலிருந்துதான்.

ரசாக் பாய் ஹார்டைத் தவிர வேறொன்றைத் தொடமாட்டார். கவசத்தின் எடை கூடினால் முறை தாமதமாக வரும், கழற்றினால் முந்திக்கொள்ளலாம், ஆனால் ஓர் அடிக்குத் தாங்காது. இப்படி ஒவ்வொன்றையும் தோற்றுத் தோற்றே கண்டுபிடித்தார். தன் நால்வருக்கும் ரசாக், இஸ்மத், சுப்பண்ணன், பாலு என்று பெயர் வைத்திருந்தார். சுப்பண்ணன் தெருமுனை டீக்கடைக்காரர். பாலு நான். பொறி இருக்கும் கதவையெல்லாம் என்னை விட்டுத்தான் திறப்பார்.

"என்னைய எதுக்குங்க முன்னாடி தள்ளறீங்க?"

"உனக்குத்தான் வாய் ஜாஸ்தி. கதவுகிட்டப் பேசிப்பாரு."

ஒருநாள் "ஐயோ, இஸ்மத் போயிட்டா!" என்று அவர் கத்த, அடுப்படியிலிருந்து அவர் மனைவி, "இங்கதானுங்க இருக்கேன், போகல" என்றாள். அன்று நாங்கள் சிரித்த சிரிப்பில் ஜங்ஷனில் ரயில் தடம் மாறியிருக்கும்.

அவர் கடைசியாகச் சத்தம் போட்டுச் சிரித்தது அன்றுதான். தொண்டையில் கட்டி என்றார்கள். அது கரையக் கரண்டு வைத்தார்கள். குரல் உள்ளே போய்விட்டது, வலது கை வீங்கி மௌசைப் பிடிக்க வராமல் போனது. டாக்டர் அர்ஷத்தை வெளியே கூப்பிட்டுப் பேசினார். திரும்பி வந்த அர்ஷத் ஆஸ்பத்திரிச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்தது.

அதன் பிறகு நான் அவருக்குக் கை. அவர் காற்றாகச் சொல்வார், நான் அமுக்குவேன். அவருக்கு மிச்சமிருந்த ஆசை ஒன்றே ஒன்று, ராணியைக் கொல்வது. நானோ ஒவ்வொரு நாளும் ஓதிக்கொண்டிருந்தேன்.

"ஈஸிக்கு மாத்திக்கலாமுங்க பாய். நடுவால மாத்த பொத்தான் இருக்குது. ஆட்டம்ங்கறது சந்தோசத்துக்குத்தானுங்களே?"

"உன் சந்தோசம் உனக்கு. எனக்கு இது" என்று வாயசைப்பார்.

ஒரு வழியாக, புதிதாக ஆரம்பித்த ஆட்டத்தில் நால்வரும் கிணற்றுக்கு முந்தைய சத்திரத்தை அடைந்தார்கள். சேமித்துவிட்டு எழுந்தோம். மறுநாள் நான் போனபோது அர்ஷத் ஆட்டத்தைப் போட்டு வைத்துவிட்டுக் கடைக்குப் போயிருந்தான். கிணற்றில் இறங்கினோம். ரசாக் பாய் கவசத்தைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். அடிக்கச் சொன்னார். அடித்தேன்.

ராணி ஒரே அடியில் விழுந்தாள்.

நான் நாற்காலியிலிருந்து குதித்தேன். இஸ்மத் ஓடிவந்து கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றாள். ரசாக் பாய் மட்டும் அசையவில்லை. அந்தக் கத்தியால் எவ்வளவு அடிக்க முடியும் என்று அவருக்குத் தெரியும். அந்த அடி அதற்கு மூன்று மடங்கு.

"யாரு?" என்றார்.

இஸ்மத் தரையைப் பார்த்தாள். "நாந்தான் அர்ஷத்கிட்ட ஈஸிக்கு மாத்தி வெக்கச் சொன்னேனுங்க."

அவர் அவளைத் திட்டவில்லை. முகம் மட்டும் ஆஸ்பத்திரியில்கூட நான் பார்த்திராத முகமாக ஆனது. திரையில் ஒரு கேள்வி நின்றது. இந்த வெற்றியைச் சேமிக்கவா? ஆம், இல்லை.

"வேண்டாம்" என்றார்.

"அண்ணா, ஆமான்னு அமுத்துங்க" என்றாள் இஸ்மத். "அவரு சொல்றதக் கேக்காதீங்க. உங்க காலப் புடிச்சுக் கேக்கறேன்."

எனக்கும் ஆம் என்றுதான் அமுக்கத் தோன்றியது. ஈஸி தப்பே இல்லை என்று ஊரெல்லாம் வாதாடியவன் நான். ஆனால் அது அவருடைய ஆட்டம். கை மட்டும்தான் என்னுடையது. இல்லை என்பதை அமுக்கினேன். சத்திரத்தில் சேமித்ததை மறுபடி எடுத்தேன். பழைய ஹார்டு திரும்பி வந்தது. இஸ்மத் உள்ளே போய்விட்டாள்.

மறுபடி இறங்கினோம். திரையில் முதலில் சுப்பண்ணன் போனார். அடுத்தது நான். இஸ்மத் மருந்து கொடுக்கக் கொடுக்கவே செத்தாள். ரசாக் மட்டும் கவசமில்லாமல் நின்றார். ராணிக்கும் உயிர் கொஞ்சம்தான் மிச்சம்.

"ஓடிப்போயிரலாமுங்க பாய். படிக்கட்டு பக்கத்துலதான்."

"அடி" என்றார்.

அடித்தேன். தவறியது. ராணி அடித்தாள். தவறவில்லை. திரை கறுத்து, ஆட்டம் அழிந்தது. எத்தனை மாத அலைச்சல்! அவர் என் முழங்கையை இடது கையால் தட்டினார்.

"கவசத்தக் கழட்டியிருக்கக் கூடாது மச்சான். எம்மேலதான் தப்பு. நாளைக்கு மொதல்லருந்து."

முகம் தெளிந்திருந்தது. நால்வருக்கும் பெயர் வைக்கும் இடம்வரை போய் நிறுத்தினோம். விடிவதற்கு முன் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்துப் போனேன். இஸ்மத் கதவோரம் நின்றாள்.

"ராணி செத்துக் கெடந்தாளுங்களே அண்ணா. ஒரு அமுத்துல அவரு ஜெயிச்சவராப் போயிருப்பாரு."

"அவரு ஒத்துக்கிட்டிருக்க மாட்டாரு அம்மணி."

"உங்களுக்கும் அந்த ஹார்டு புடிச்சுப்போச்சுங்களா?"

"இல்லீங்க. இன்னைக்கும் அது கிறுக்குத்தனம்னுதான் சொல்லுவேன்."

"அப்பறம் எதுக்கு அமுத்துனீங்க?"

"அவரு கேட்டாருங்க."

"நானும் கேட்டேனுங்களே" என்றாள். "ஊருக்கெல்லாம் வாய்கூசாமக் கதை அளக்கறீங்க. எங்க ஊட்டுக்காரருக்கு ஒண்ணே ஒண்ணு, பொய்யா ஒரு ஜெயிப்பு குடுக்க உங்களுக்கு மனசு வரல."

டீ குடிக்கிறீர்களா என்று கேட்காமலே உள்ளே போனாள்.

அடுத்த வருஷம் அர்ஷத்துக்குக் கல்யாணம். பத்திரிகை எனக்குத் தபாலில் வந்தது. நான் இருப்பது போத்தனூரிலிருந்து ஒரே பஸ் தூரம்.